பார்வை விலங்கு

காட்டு மானைப் பிடிக்க மானையே பழக்கி நிறுத்தும் வழக்கம் பழந்தமிழ் வேட்டுவரிடையே இருந்தது. தன் இனத்தைக் கண்டு அச்சம் நீங்கி அருகே வரும் காட்டு மான் வலையில் விழும். அவ்வாறு பழக்கப்பட்ட விலங்கிற்குப் 'பார்வை' என்று பெயர். சங்கப் பாடல்களின் உரைகளில் பார்வை மான், பார்வை விலங்கு என்ற சொற்களை நாம் காணலாம். காண்பதற்கும் காண்பவரை ஏமாற்றுவதற்கும் ஒரே சொல்லைத் தமிழ் வைத்திருக்கிறது.

1950களில் நியூயார்க் நகரின் மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையில் ஆண்ட்ரூ ரிச்சி என்ற செல்லியல் தொழில்நுட்பர் பணிபுரிந்தார். சிறுநீரில் உதிர்ந்து வரும் செல்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது அவர் வேலை. அவற்றுள் ஒருவகைச் செல் அடிக்கடி அவரைத் திகைக்கச் செய்தது. பருத்த உட்கரு, அடர்ந்த நிறம், சுருங்கிய உடல் என்று முதல் நோக்கில் அது புற்றுச் செல்லாகவே தோன்றும். ஆனால் அந்நோயாளியின் சிறுநீர்ப்பையில் புற்று இராது. ரிச்சி அச்செல்லுக்கு வேட்டைக்காரரின் சொல் ஒன்றைச் சூட்டினார்: 'டிகாய் செல்'. தமிழில் சொல்வதானால் பார்வைச் செல்.

இக்கட்டுரை அச்செல்லின் வரலாற்றைச் சொல்ல முற்படுகிறது. புற்றைத் தேடிப் போனவர்கள் அதன் வழியே ஒரு வைரஸைக் கண்டடைந்தார்கள். அந்த வைரஸ் புற்றைப் போல வேடமிடுவது மட்டுமே என்று கருதி நிம்மதியடைந்தார்கள். பின்னர், முப்பது ஆண்டுகள் கழிந்தபோது, வேடத்திற்கும் அசலுக்கும் இடையே உறவு இருக்குமோ என்று ஐயுறத் தொடங்கினார்கள். அந்த ஐயம் இன்னும் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை.

*

கதையின் தொடக்கத்தை 1856ஆம் ஆண்டில் வைக்கலாம். அவ்வாண்டு இரண்டு செய்திகள் இரண்டு நகரங்களில் நிகழ்ந்தன. ஒன்றையொன்று அறியாத அவ்விரண்டும் பின்னாளில் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

லண்டனில் பதினெட்டு வயதே ஆன வில்லியம் பெர்க்கின், மலேரியாவிற்கான குவினைனைச் செயற்கையாக உண்டாக்க முயன்று தோற்றபோது, குடுவையின் அடியில் ஓர் ஊதா நிறப் பொருளைக் கண்டார். 'மாவ்' எனப்பட்ட அந்தச் சாயத்திலிருந்து தாரை மூலப்பொருளாகக் கொண்ட செயற்கைச் சாயத் தொழில் பிறந்தது. பிராக் நகரில் வில்லெம் டூஷான் லாம்பல் என்ற மருத்துவர், சிறுநீர்ப்பைப் புற்று உடையவரின் சிறுநீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அதில் மிதந்த புற்றுச் செல்களை விவரித்துக் கட்டுரை எழுதினார். குடலில் வாழும் 'ஜியார்டியா லாம்ப்ளியா' என்ற ஒட்டுண்ணியின் பெயரில் இன்றும் நிலைத்திருப்பவர் இதே லாம்பல்தான். எட்டாண்டுகள் கழித்து, 1864இல், எடின்பரோவைச் சேர்ந்த சாண்டர்ஸும் சிறுநீரோடு வெளியேறிய புற்றுத் துணுக்குகளைப் பற்றி எழுதினார்.

லாம்பலின் கண்டுபிடிப்பைப் பின்பற்றிச் செல்ல அக்காலத்தில் ஆளில்லை. பெர்க்கினின் கண்டுபிடிப்பை உலகமே பின்பற்றியது. ஜெர்மனியின் நதிக்கரைகளில் சாயத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1895இல் ஃபிராங்க்ஃபர்ட்டைச் சேர்ந்த அறுவை மருத்துவர் லூத்விக் ரேன், ஃபுக்சின் என்னும் சிவப்புச் சாயம் காய்ச்சிய தொழிலாளர் மூவருக்குச் சிறுநீர்ப்பைப் புற்று வந்திருப்பதை ஜெர்மன் அறுவை மருத்துவர் மாநாட்டில் எடுத்துரைத்தார். மூச்சின் வழியும் தோலின் வழியும் உடலுக்குள் புகும் நச்சு, சிறுநீரகம் வடிகட்டிய நீரில் கலந்து சிறுநீர்ப்பையில் மணிக்கணக்கில் தேங்குகிறது. அந்தப் பையின் உட்படலம் ஆண்டுக்கணக்கில் அதில் ஊறுகிறது. புற்று தலைகாட்டுவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் தொழிலாளி வேலையை விட்டே போயிருப்பார். 1938இல் வில்ஹெல்ம் ஹூப்பர் என்ற ஆய்வாளர், சாயத் தொழிலில் பயன்பட்ட 2-நாஃப்தைலமீனை நாய்களுக்குக் கொடுத்துச் சிறுநீர்ப்பைப் புற்றை உண்டாக்கிக் காட்டிய பின்னரே ஐயத்திற்கு இடமில்லாத சான்று கிடைத்தது.

இனி நோய் வரப்போகிறவர் யார் யார் என்பது தெரியும். எப்போது வரும் என்பது தெரியாது. ஒவ்வொரு தொழிலாளியின் சிறுநீர்ப்பைக்குள்ளும் கருவியைச் செலுத்தி ஆறு மாதத்திற்கு ஒருமுறை பார்ப்பது நடக்கக்கூடிய காரியமன்று. உடலைத் தொடாமல் உள்ளே நடப்பதை அறிய ஒரு வழி வேண்டியிருந்தது. லாம்பல் எழுதிய கட்டுரைக்கு அப்போதுதான் தேவை வந்தது.

*

கிரேக்க நாட்டின் கீமி என்ற ஊரில் 1883இல் பிறந்து அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்த ஜார்ஜ் பாப்பனிகோலாவின் பெயரைக் கருப்பை வாய்ப் புற்றுக்கான 'பாப்' பரிசோதனையின் வழியே பலரும் அறிவார்கள். அவரும் சிறுநீரியல் மருத்துவரான விக்டர் மார்ஷலும் சேர்ந்து 1945இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிறுநீரைச் சுழற்றி அடியில் தங்கும் வண்டலை எடுத்து, தகட்டில் பூசி, சாயமேற்றிப் பார்த்தால் சிறுநீர்ப் பாதையின் புற்றுகளைக் கண்டறிய முடியும் என்பது அதன் சாரம்.

இம்முறையின் அடிப்படை எளிமையானது. சிறுநீரகத்தின் உட்குழிவிலிருந்து சிறுநீர்ப்பை வரையிலான பாதை முழுவதும் ஒரே வகையான செல் படலத்தால் போர்த்தப்பட்டிருக்கிறது. அதிலிருந்து மூத்த செல்கள் ஓயாமல் உதிர்கின்றன. வீரியம் மிக்க புற்றில் செல்களுக்கிடையேயான பிடிப்பு தளர்ந்துவிடுவதால் அவை மேலும் எளிதாக உதிரும். அவற்றின் உட்கருவும் கோணலாக, கரடுமுரடாக, மையைக் கொட்டியது போல இருக்கும். எனவே வீரியமிக்க புற்றைச் சிறுநீர் காட்டிக்கொடுக்கும். வீரியம் குறைந்த புற்றின் செல்களோ இயல்பான செல்களையே ஒத்திருக்கும், உதிர்வதும் குறைவு. அவற்றை இப்பரிசோதனை பெரும்பாலும் தவறவிடும். இக்குறை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

பாப்பனிகோலாவின் சாயக் கலவையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உட்கருவிற்கு நிறமேற்றும் ஹெமட்டாக்சிலின் ஒரு மரத்திலிருந்து வருவது. ஆனால் செல்லின் உடலுக்கு நிறமேற்றும் இயோசின், ஆரஞ்சு ஜி, லைட் கிரீன் ஆகியவை பெர்க்கின் தொடங்கிவைத்த தொழிலில் பிறந்த செயற்கைச் சாயங்கள். சாயத் தொழிலாளியின் நோயைச் சாயத்தின் துணைகொண்டே பார்த்தார்கள்.

இங்கிலாந்தில் க்ராப் என்ற மருத்துவர் இம்முறையைத் தொழிலாளர்களிடம் கொண்டுசென்றார். தொழில்வழிச் சிறுநீர்ப்பைப் புற்றைக் கண்காணிக்கச் செல் பரிசோதனையைப் பயன்படுத்துவது பற்றி 1952இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அவர் எழுதினார். அமெரிக்காவில் அதே பணியை மேற்கொண்டவர்களுள் முதன்மையானவர் லியோபோல்ட் காஸ். 1920இல் டான்ஸிக் நகரில் பிறந்து, சுவிட்சர்லாந்தில் மருத்துவம் பயின்று, போருக்குப் பின் அமெரிக்காவிற்கு வந்தவர். 1961இல் அவர் வெளியிட்ட செல்லியல் நோயறிதல் நூல் பல பதிப்புகள் கண்டு, அத்துறையினரின் மேசைகளில் நீங்கா இடம் பெற்றது.

ரப்பர் தொழிலில் 1935 முதல் 1955 வரை பயன்பட்ட 4-அமினோபைஃபினைல் என்னும் வேதிப்பொருளோடு புழங்கிய ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் காஸும் மைரன் மெலமெடும் மற்றவர்களும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். சிறுநீரில் புற்றுச் செல் தெரியும். சிறுநீர்ப்பைக்குள் கருவி செலுத்திப் பார்த்தால் கட்டி எதுவும் இராது. சில ஆண்டுகளில் அங்கே புற்று வெளிப்படும். கட்டியாக எழாமல் படலத்திற்குள்ளேயே தட்டையாகப் பரவியிருக்கும் ஆரம்பநிலைப் புற்று என்ற ஒன்று சிறுநீர்ப்பையிலும் உண்டு என்பது இத்தகைய ஆய்வுகளால்தான் உறுதிப்பட்டது. கண்ணுக்குத் தெரியாததைச் செல் முன்கூட்டியே சொல்லியிருந்தது.

செல்லின் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு ஏற்பட்டுவிட்டதால்தான் பொய் சொல்லும் செல் பெரிய சிக்கலாயிற்று. சிறுநீரில் புற்றுச் செல் என்று அறிக்கை போனால் ஒரு மனிதரை மயக்கத்தில் ஆழ்த்தித் துருவிப் பார்ப்பார்கள். திசுவை வெட்டி எடுப்பார்கள். சில வேளைகளில் சிறுநீர்ப்பையையே அகற்றும் பேச்சு எழும். ரிச்சி பெயரிட்ட செல் அந்த முனையில் நின்றுகொண்டிருந்தது. அது ஏன் உண்டாகிறது என்று அப்போது தெரியாது. இதைக் கண்டு ஏமாறாதே என்ற எச்சரிக்கையாக மட்டுமே அப்பெயர் பயன்பட்டது.

*

அடுத்த காட்சி லண்டனில் நிகழ்கிறது. 1954இல் பாஸ்டனில் ஒத்த இரட்டையரிடையே நடந்த சிறுநீரக மாற்று அறுவை வெற்றி பெற்ற பிறகு, 1960களில் உடலின் எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்துகளின் துணையோடு அவ்வறுவை பல நாடுகளுக்குப் பரவியது. லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் சூடான் நாட்டைச் சேர்ந்த ஒருவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. சில மாதங்களில் அச்சிறுநீரகத்திலிருந்து நீரைக் கொண்டுசெல்லும் குழாய் குறுகி அடைபட்டது. அவருடைய சிறுநீர் செல் பரிசோதனைக்கு வந்தது. பார்த்தவர் டல்ஸி கோல்மன்.

அதில் ஏராளமான விகாரச் செல்கள் இருந்தன. உட்கருக்கள் பருத்து, உள்ளே ஏதோ நிரம்பியது போன்று காணப்பட்டன. புற்று என்று முடிவுகட்டாமல், வைரஸ் தொற்றாக இருக்கலாம் என்று அந்தச் சிறுநீரை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கச் செய்தார்கள். ஆன் ஃபீல்ட் பார்த்தபோது உருண்டையான சின்னஞ்சிறு துகள்கள் எண்ணற்றுக் குவிந்திருந்தன. சில்வியா கார்ட்னர் ஆய்வகச் செல்களில் அவ்வைரஸை வளர்த்தெடுத்தார். இம்மூன்று பெண்களும் மருத்துவர் ஹியூமும் எழுதிய கட்டுரை 1971 ஜூன் மாத 'லான்செட்' இதழில் வெளிவந்தது. அக்கால வழக்கப்படி வைரஸிற்கு நோயாளியின் பெயரின் முதலெழுத்துகளைச் சூட்டினார்கள்: பி.கே. அதே இதழில் அமெரிக்காவின் விஸ்கான்சினிலிருந்து மற்றொரு கட்டுரையும் வந்தது. மூளையைச் சிதைக்கும் அரிய நோயொன்றில் இறந்தவரின் மூளையிலிருந்து எடுத்த, இதற்கு நெருங்கிய உறவுடைய வைரஸை அது அறிவித்தது. அதற்கு வைத்த பெயரும் ஒரு நோயாளியின் முதலெழுத்துகளே: ஜே.சி.

இங்கிலாந்தின் க்ராப்பும் அதே 1971இல் சிறுநீர்ப் பூச்சுகளில் காணப்படும் 'வால்மீன்' அல்லது 'டிகாய்' செல்களைப் பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டார். உட்கரு ஒரு முனையில் உருண்டு நிற்க, செல்லின் உடல் மறுமுனையில் வாலாக நீண்டிருப்பதால் வால்மீன் என்றார்கள். தொழிலாளர்களின் சிறுநீரில் பல்லாண்டுகளாகத் தென்பட்டுவந்த அப்போலியின் முகமும், லண்டன் நோயாளியின் சிறுநீரில் கண்ட முகமும் ஒன்றே என்பது விரைவில் தெளிவாயிற்று. 1975இல் இவ்வைரஸ் தொற்றைச் செல் பரிசோதனையால் அறியும் முறையைப் பற்றிக் கோல்மன் தனிக் கட்டுரை எழுதினார்.

பி.கே. வைரஸின் விட்டம் சுமார் நாற்பத்தைந்து நானோமீட்டர். மரபுச் செய்தி ஏறத்தாழ ஐயாயிரத்து நூறு எழுத்துகளுக்குள் அடங்கிவிடும். உலகில் பெரும்பாலானோர் குழந்தைப் பருவத்திலேயே அதைப் பெற்றுவிடுகிறார்கள்; வயதுவந்தோரில் எண்பது விழுக்காட்டிற்கும் மேலானோர் இரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள் இருக்கிறது. நோய் எதையும் காட்டாமல் அது சிறுநீரகத்திலும் சிறுநீர்ப் பாதையிலும் உறங்கிக்கிடக்கும். உடலின் காவல் தளரும்போது விழித்துக்கொள்ளும். கருவுற்ற பெண்களிடமும், முதியோரிடமும், மாற்று உறுப்புப் பெற்றவர்களிடமும் சிறுநீரில் தலைகாட்டும். விழித்த வைரஸ் செல்லின் உட்கருவுக்குள் புகுந்து தன்னையே பல்லாயிரமாகப் பெருக்கிக்கொள்ளும். உட்கரு புடைத்து, உள்ளமைப்பு கலைந்து, தேய்த்த கண்ணாடியைப் போல ஒரே சீராக மங்கும். பிறகு செல் வெடித்துச் சாகும். ரிச்சி கண்டது மரணத்தின் விளிம்பில் நின்ற செல்லை. புற்றுச் செல் சாக மறுப்பது; இது செத்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றைப்போல் ஒன்று தோன்றியதே விந்தை.

*

1971க்குப் பின் இருபது ஆண்டுகள் இந்த வைரஸைப் பெரும்பாலான மருத்துவர்கள் பொருட்படுத்தவில்லை. 1990களின் நடுவில் நிலைமை மாறியது. டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட் போன்ற வலிய மருந்துகள் வந்து மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பதைப் பெரிதும் குறைத்தன. காவல் அந்த அளவிற்குத் தளர்ந்ததால் பி.கே. வைரஸ் சிறுநீரகத்தையே அழிக்கத் தொடங்கியது.

ஒரு நோயாளியின் மாற்றுச் சிறுநீரகம் செயலிழந்து வருகிறது. திசுவை எடுத்துப் பார்த்தால் அழற்சி தெரிகிறது. இது நிராகரிப்பாக இருக்கலாம். அப்படியானால் எதிர்ப்பு ஒடுக்கி மருந்தைக் கூட்ட வேண்டும். இது வைரஸாக இருக்கலாம். அப்படியானால் அதே மருந்தைக் குறைக்க வேண்டும், ஏனெனில் பி.கே. வைரஸைக் கொல்ல நிரூபணமான மருந்து இல்லை, உடலின் சொந்தக் காவலே அதை அடக்க முடியும். இரு நோய்களும் நுண்ணோக்கியில் ஒத்த தோற்றம் காட்டுகின்றன, மருத்துவமோ நேரெதிர். தவறாக ஊகித்தால் ஒருவர் தானமாகக் கொடுத்த சிறுநீரகம் மற்றொருவர் உடலில் வீணாகும். அவர் மீண்டும் டயாலிசிஸ் படுக்கைக்குத் திரும்புவார்.

இந்த இக்கட்டில் பழைய பார்வைச் செல் பயன்பட்டது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஃபோல்கர் நிக்கலைட், ஹான்ஸ் ஹிர்ஷ் முதலியோர் 1999, 2000ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இதில் வழிகாட்டின. சிறுநீரில் டிகாய் செல் இல்லையென்றால் வைரஸால் சிறுநீரகம் அழிகிறது என்ற ஐயத்தைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். இருக்கிறதென்றால் வைரஸ் விழித்திருக்கிறது என்று மட்டுமே பொருள். சிறுநீரகத்தை அது தாக்கியிருக்கிறதா என்று அறிய மேலே தேட வேண்டும். இரத்தத்தில் வைரஸின் டி.என்.ஏ. அளவைப் பி.சி.ஆர். முறையால் பார்ப்பது அடுத்த படி. இன்று பல மருத்துவமனைகளில் இரத்தப் பரிசோதனையே முதற்படியாகிவிட்டது. ஆனால் விலைமிக்க கருவிகள் இல்லாத இடத்திலும் ஒரு நுண்ணோக்கியும் பழகிய கண்ணும் இருந்தால் போதும் என்ற சிறப்பு சிறுநீர்ச் செல் பரிசோதனைக்கு இருக்கிறது.

ஏமாற்றும் செல் என்று ஒதுக்கப்பட்டது இவ்வாறு சாட்சியாயிற்று. கதை இங்கேயே முடிந்திருந்தால் மனநிறைவாக இருந்திருக்கும்.

*

பி.கே. வைரஸின் குடும்பப் பெயர் பாலியோமா. 'பல கட்டிகள்' என்பது அதன் பொருள். 1953இல் லுட்விக் கிராஸ் எலிகளிடம் கண்ட, பின்னர் சாரா ஸ்டூவர்ட்டும் பெர்னிஸ் எடியும் விரிவாக ஆராய்ந்த வைரஸ், எலியின் உடலில் பல இடங்களில் புற்றை உண்டாக்கியதால் அப்பெயர் வந்தது. பி.கே. வைரஸையும் ஆய்வகத்தில் வெள்ளெலிகளின் உடலில் செலுத்தியபோது கட்டிகள் தோன்றின. இவ்வைரஸ்கள் உண்டாக்கும் 'டி ஆன்டிஜென்' என்னும் புரதம், செல் கட்டுக்கடங்காமல் பெருகுவதைத் தடுக்கும் பி53, ஆர்.பி. என்ற இரு காவற்புரதங்களையும் செயலிழக்கச் செய்கிறது. ஆகவே ஐயத்திற்குக் காரணம் தொடக்கம் முதலே இருந்தது. மனிதரில் சான்றுதான் இல்லை. ஏறத்தாழ எல்லோரிடமும் இருக்கும் வைரஸை ஒரு நோயின் காரணம் என்று நிறுவுவது எளிதன்று. எங்கும் இருப்பவனைக் குற்றம் நடந்த இடத்தில் இருந்தான் என்று சொல்லித் தண்டிக்க முடியாது.

2002இல் ஒரு நோயாளியைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. மாற்று உறுப்புப் பெற்ற அவருக்குச் சிறுநீர்ப்பைப் புற்று வந்து உடலின் பிற இடங்களுக்கும் பரவியிருந்தது. புற்றின் செல்களிலும் பரவிய இடங்களின் செல்களிலும் டி ஆன்டிஜென் நிறைந்திருந்தது. புற்றல்லாத அயல் செல்களில் இல்லை. அதன் பிறகு இத்தகைய நோயாளிகளைப் பற்றிய செய்திகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. 2012இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை பி.கே. வைரஸையும் ஜே.சி. வைரஸையும் 'மனிதரில் புற்றை உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் சேர்த்தது. குற்றம் சாட்டும் அளவிற்குச் சான்றில்லை, விடுவிக்கவும் மனமில்லை என்பதே அப்பிரிவின் பொருள்.

2023இல் கேப்ரியல் ஸ்டாரெட்டும் உடன் ஆய்வாளர்களும் மாற்று உறுப்புப் பெற்ற 43 பேரின் சிறுநீர்ப்பைப் புற்றுகளின் மரபுச் செய்தியை முழுமையாக வாசித்து வெளியிட்டார்கள். அவற்றுள் ஒரு பகுதியில் பி.கே. வைரஸின் தடயம் இருந்தது. சிலவற்றில் அதன் டி.என்.ஏ. மனித டி.என்.ஏ.வோடு பிணைந்து ஒன்றாகியிருந்தது.

செத்துப்போகும் செல் எப்படிப் புற்றாகும்? வைரஸ் தன் வேலையைச் செவ்வனே முடித்தால் செல் இறந்துவிடும். அங்கே புற்றுக்கு வழியில்லை. எப்போதேனும், பல கோடியில் ஒருமுறை, வைரஸின் சுழற்சி பாதியில் முறிகிறது. அதன் மரபுச் சங்கிலி அறுந்து செல்லின் மரபுச் சங்கிலிக்குள் செருகிக்கொள்கிறது. புதிய வைரஸ்களைக் கட்டும் பகுதி சிதைந்துபோக, டி ஆன்டிஜென்னை உண்டாக்கும் பகுதி மட்டும் எஞ்சி ஓயாமல் இயங்குகிறது. இனி செல் வெடிக்காது; காவற்புரதங்களும் முடங்கிவிட்டன. வைரஸ் வென்ற இடத்தில் டிகாய் செல் உண்டாகிறது. வைரஸ் தோற்ற இடத்தில் புற்று உண்டாகலாம்.

மற்றொரு வழியையும் 2022இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தினர் முன்வைத்தார்கள். வைரஸை எதிர்க்கச் சிறுநீர்ப் பாதையின் செல்கள் அப்போபெக்3 என்னும் நொதிகளைப் பயன்படுத்துகின்றன. அந்நொதிகள் தாறுமாறாகச் செல்லின் சொந்த டி.என்.ஏ.விலும் தழும்புகளை உண்டாக்கிவிடுகின்றன. சிறுநீர்ப்பைப் புற்றுகளின் மரபுச் செய்தியில் இத்தகைய தழும்புகள் மிகுதியாக இருப்பது முன்பே அறியப்பட்டது. அப்படியானால் வைரஸ் வந்து, அடித்து, தடயமின்றிப் போய்விட்டிருக்கலாம். பல ஆண்டுகள் கழித்துப் புற்று வரும்போது அங்கே வைரஸ் இராது. இந்தக் கருத்து இன்னும் விவாதத்தில் இருக்கிறது. அது மெய்யாகுமானால், மாற்று உறுப்புப் பெறாதவர்களின் புற்றைப் பற்றிய நம் புரிதலும் மாறக்கூடும்.

*

இவற்றையெல்லாம் அறிந்துகொண்டு நுண்ணோக்கியின் முன் அமரும் ஒருவர் என்ன செய்ய வேண்டும்?

சிறுநீர்ச் செல் அறிக்கைகளை உலகெங்கும் ஒரே மொழியில் எழுத வேண்டும் என்று 2013இல் பாரிஸில் கூடிய மாநாட்டில் முயற்சி தொடங்கியது. 2016இல் வெளிவந்து 2022இல் திருத்தப்பட்ட 'பாரிஸ் முறை' அதன் பயன். வீரியமிக்க புற்று இருக்கிறதா என்பதே அம்முறையின் தலையாய கேள்வி. டிகாய் செல் மட்டும் தெரிந்தால் 'வீரியமிக்க புற்று இல்லை' என்ற பிரிவிலேயே அதைச் சேர்க்கிறார்கள். ரிச்சியின் எச்சரிக்கை எழுபது ஆண்டுகளில் விதியாகியிருக்கிறது.

விதி தெளிவானது, தகடு எப்போதும் அப்படி இருப்பதில்லை. டிகாய் செல்லின் உட்கரு வட்டமாக, விளிம்பு மழமழப்பாக, உள்ளே கண்ணாடி போல மங்கலாக இருக்கும். புற்றுச் செல்லின் உட்கருவிற்கு விளிம்பு கோணல், உள்ளே கரடு. பாடநூல் படத்தில் இவ்வேறுபாடு ஐயமற விளங்கும். ஆனால் சிறுநீர் செல்களுக்கு உகந்த நீரன்று. பரிசோதனைக்கூடத்திற்கு வந்து சேர்வதற்குள் செல்கள் சிதையத் தொடங்கிவிடும். சிதைந்த டிகாய் செல் புற்றையும், சிதைந்த புற்றுச் செல் டிகாயையும் ஒத்திருக்கும். ஒரே தகட்டில் இரண்டும் அருகருகே இருப்பதும் உண்டு. 'இது வைரஸ்தான்' என்று முடிவுகட்டிய கண், அதன் பின்னால் நிற்கும் புற்றுச் செல்லைக் காணாமல் போகலாம். வேட்டுவர் பார்வை விலங்கை நிறுத்துவதும் இதற்காகத்தானே. பார்ப்பதன் கவனம் முழுவதும் அதன்மேல் போய்விடும்.

எனவே மாற்று உறுப்புப் பெற்ற ஒருவரின் சிறுநீரில் டிகாய் செல் கண்டால், அனுபவமுள்ளோர் அத்துடன் நுண்ணோக்கியை விட்டு எழுந்துவிடுவதில்லை. மீதித் தகட்டையும் பார்க்கிறார்கள். அவருடைய சிறுநீரில் இரத்தம் வருகிறதா என்று கேட்கிறார்கள். தொற்று மாதக்கணக்கில் நீடிக்கிறதென்றால் மீண்டும் சிறுநீரைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். ஐயம் நீங்காவிட்டால் சிறுநீர்ப்பைக்குள் பார்க்கச் சொல்கிறார்கள். எடுத்த திசுவில் டி ஆன்டிஜென் இருக்கிறதா என்று சாயமேற்றி அறியவும் முடியும். 1950களில் டிகாய் செல்லைப் புற்று என்று எண்ணி அஞ்சியது ஒரு பிழை. அதைக் கண்டதும் புற்றில்லை என்று நிம்மதியடைந்து கோப்பை மூடுவது அதற்கு எதிர்ப்புறப் பிழை. முதல் பிழை ஒருவரைத் தேவையின்றி அறுவை மேசைக்கு அனுப்பும். இரண்டாவது, அனுப்ப வேண்டியவரை வீட்டிற்கு அனுப்பும்.

இவ்வரலாற்றில் வரும் பெயர்களைப் பற்றி இறுதியாக ஒன்று. லாம்பலின் பெயர் ஒட்டுண்ணியில் தங்கியது. பாப்பனிகோலாவின் பெயர் பரிசோதனையில் தங்கியது. ரிச்சி பெயரை மறந்துவிட்டு அவர் தந்த சொல்லை உலகெங்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வைரஸிற்கு 'ஹியூமன் பாலியோமா வைரஸ் 1' என்ற பெயரும் உண்டு. ஆயினும் பரிசோதனைக்கூடங்களில் எல்லோரும் பி.கே. என்றே அழைக்கிறார்கள். சூடானிலிருந்து லண்டன் சென்று பிறரின் சிறுநீரகத்தைப் பெற்று வாழ முயன்ற ஒரு மனிதரின் பெயரில் எஞ்சிய இரண்டு எழுத்துகள் அவை. அவருடைய சிறுநீரைப் பார்த்தவர்கள் முதல் தோற்றத்தோடு நின்றிருந்தால், அது புற்று என்ற ஒரு வரி அறிக்கையோடு முடிந்திருக்கும். இரண்டாம் முறையும் பார்த்தார்கள்.